வருமானப் பகிர்வில் 34 குடும்பங்கள்: ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஐந்தாண்டு அனுபவம்

பின்னணி

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பறிக்கும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் வருமானப் பகிர்வுத் திட்டத்தில் 2019 இறுதி முதல் 2024 இறுதி வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தக் காலம் முழுவதும் தோட்டத்தை நடத்தும் கம்பனியின் சமூக நல உத்தியோகத்தராக நான் வேலை செய்தேன். ஆகவே இங்கே சொல்லப்படும் தவறுகளில் சில என்னுடையவை. தோட்டத்தையும் கம்பனியையும் மனிதர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அரசுடைமையாக இருந்த பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் இன்றும் அரசுக்கே சொந்தம். கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையிலான குத்தகை மட்டுமே. நான்கைந்து தலைமுறைகளாக அந்த மண்ணைக் கொத்திய குடும்பங்களுக்கு அதில் ஒரு பேர்ச்சஸ் கூடச் சொந்தமில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வருவதைப் படிக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பு நாடு முழுவதற்குமான வறுமை வீதம் 14.3 என்றும், தோட்டப்புறத்தில் அது 33.8 என்றும் கூறியது. அதே ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய்; அதனுடன் விலைப் பங்கு 50 ரூபாய். வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளை சொல்லும் அளவுக்குக் கொழுந்து நிறுக்காதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாட்சம்பளம்தான் விழும். கீழ்ப்பிரிவின் லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், நான் வீடு வீடாகப் போனபோது, வாராவாரம் நுண்கடன் கட்டாத குடும்பத்தைக் காண்பது அரிதாக இருந்தது.

கம்பனி அதற்கு முன்பும் உதவிகள் செய்திருந்தது. பாடசாலைப் பைகளும் மூக்குக்கண்ணாடிகளும் கொடுத்தது. கோயிலடியில் கம்பனியின் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி ஒன்றும் கட்டியது. அவை பயனுள்ளவை, ஆனால் வாரக்கடன் கட்டும் ஒரு வீட்டின் கணக்கில் அவற்றால் ஒரு ரூபாயும் மாறவில்லை.

திட்டம் உருவான விதம்

கீழ்ப்பிரிவின் மூன்று மலைகள் பழைய விதைத் தேயிலை. வெற்றிடங்கள் கூடி, புல் ஏறி, காடாகும் நிலையில் இருந்தன. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பகிர்வுக்கு, வரும் ஆட்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்தது. சம்பளம் கொடுத்து அந்த மலைகளைப் பராமரித்தால் நட்டம், கைவிட்டால் இன்னும் பெரிய நட்டம் என்ற நிலையில்தான் கம்பனி வருமானப் பகிர்வு முறைக்கு வந்தது. ஒரு வியாபாரம் தன் தேவைக்காக எடுத்த முடிவு அது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தனக்கும் பயனிருந்ததால்தான் கம்பனி பின்னர் வந்த கெட்ட ஆண்டுகளிலும் இதைக் கைவிடவில்லை என்று கருதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். விருப்பம் தெரிவித்த 34 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 2,000 செடிகள் வீதம் பிரித்துக் கொடுக்கப்படும். குடும்பத்தினர் வாரத்தில் மூன்று நாள் வழமைபோல் பேருக்கு, அதாவது நாட்சம்பளத்துக்கு, வேலை செய்து, மிகுதி நாட்களில் தங்கள் துண்டைப் பார்த்துக்கொள்வார்கள். பசளையையும் மருந்தையும் கம்பனி கடனாகக் கொடுத்து மாதாமாதம் கழித்துக்கொள்ளும். கொழுந்தைக் கம்பனிக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு நிலையான விலையாக 62 ரூபாய் தரப்படும். ஒப்பந்தம் ஓராண்டுக்கானது.

அந்த ஒப்பந்தப் பத்திரத்தைத் தமிழில் எழுதியவள் நான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்ற கேள்வி அப்போது எனக்கு எழவே இல்லை. 34 பத்திரங்களில் 31 ஆண்களின் பெயரில் கையொப்பமாகின. அந்தத் துண்டுகளில் கொழுந்து பறித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தொடக்கத்திலேயே எதிர்த்தார். “மிஸ், மூணு நாளுதான் பேருன்னா, மிச்ச நாளுக்கு சேமலாப நிதி யாரு கட்டுவா?” என்று பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். முதுமைக்காகச் சம்பளத்தைக் கொண்டு சேரும் நிதியைத்தான் அவர் சொன்னார். சங்கத்தின் பிடி தளர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் கேட்கிறார் என்றே நான் நினைத்தேன். என் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

தராசடியில் கண்டவை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் தோட்ட வேலை தொடர்ந்தது. கொழும்பிலிருந்து திரும்பிய பிள்ளைகள் தாய்மாருக்கு உதவியதால் பல துண்டுகள் அந்த ஆண்டில்தான் முதன்முறையாகச் சுத்தமாயின. ஆனால் கொழுந்துக் கணக்கு எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. காரணம் கேட்டபோது வெளிக்கள உத்தியோகத்தர் மழையைச் சொன்னார், பெண்கள் தராசைச் சொன்னார்கள்.

ஜூலை மாதத்தில் மூன்று வாரங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தேன். தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யும் காலம். ஒரு நாள், ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், இடுப்பில் கட்டும் படங்குக்குள் சுற்றி மறைத்துக் கொண்டுவந்த ஒரு தொங்கு தராசை எடுத்தார். மரக்கறி வியாபாரிகள் பயன்படுத்தும், துருப்பிடித்த கொக்கியுடைய சாதாரணத் தராசு அது. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்திருந்த விரல்களால் சாக்கின் வாயைக் கட்டி, அதில் தொங்கவிட்டு, முள் நிற்கும் வரை பொறுத்திருந்து எனக்குக் காட்டினார். 23 கிலோ. மடுவத்தின் தராசிலும் ஏறத்தாழ அதே அளவுதான் வந்தது. ஆனால் புத்தகத்தில் 18 என்று எழுதப்பட்டது. சாக்குக்கு இரண்டு கிலோ, தண்ணீருக்கு மூன்று கிலோ கழிவு. “சாக்கு ரெண்டு கிலோ இருக்குமா மிஸ்? நனைஞ்சாலும் இருக்காது,” என்றார். நாங்கள் நனைந்த சாக்கை நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருந்தது.

தண்ணீர்க் கழிவு அவ்வளவு எளிதான விடயமாக இருக்கவில்லை. ஈரக் கொழுந்தில் நீர் இருப்பது உண்மை. அந்த நீருக்கும் தொழிற்சாலை விலை கொடுக்க முடியாது. அதனால் தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதியுடன் ஒரு சோதனை செய்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ கொழுந்தை எடுத்து, உலர்ந்த துணியில் போட்டு நீர் போக உதறி, மீண்டும் நிறுத்தோம். பெருமழை நாட்களில் நீர் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வீதம் வரை இருந்தது. அந்நாட்களில் கழித்தது ஏறத்தாழ நியாயமான அளவே. ஆனால் பனிமூட்டம் மட்டும் இருந்த நாட்களில் மூன்று, நான்கு வீதத்தைத் தாண்டவில்லை. அப்போதும் அதே மூன்று கிலோதான் கழிக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டுத் திருடியதாக நான் கருதவில்லை. அந்தக் கழிவு எப்போதோ ஏற்பட்ட ஒரு வழக்கம். மடுவத்தில் நிற்பவருக்கு அதைக் குறைக்க அதிகாரம் இல்லை, குறைக்கச் சொல்லிக் கேட்க ஆளும் இல்லை.

கழிவை மாற்ற எடுத்த முடிவு

2020 செப்டெம்பரில் மூன்று மாற்றங்களுக்குத் துரை ஒப்புக்கொண்டார். இரு பக்கமும் எண் தெரியும் மின்தராசு ஒன்று வைக்கப்படும். சாக்கு, நிறுத்த எடைக்கே கழிக்கப்படும். தண்ணீர்க் கழிவு அன்றாடம் துணிச் சோதனையில் கண்ட வீதத்தின்படி முடிவாகி, மடுவத்தின் பலகையில் சோக்கட்டியால் எழுதப்படும். சோதனையைச் செய்யும் பொறுப்பு வாரத்துக்கொரு பறிக்கும் பெண்ணிடம் சுழற்சியாகக் கொடுக்கப்பட்டது. கம்பனிக்கு ஏற்பட்ட செலவு ஒரு தராசின் விலை.

இதை வலியுறுத்தியதற்கான காரணம் பண அளவு மட்டுமல்ல. நிறுவையை நம்பாதவர்கள் துண்டில் உழைப்பைப் போடமாட்டார்கள் என்பதை அந்த மூன்று வாரங்களில் கண்ணால் கண்டிருந்தேன். மாலை மூன்று மணிக்குப் பிறகும் பறிக்க நேரமிருந்தும், “என்னாத்துக்கு, அவங்க கழிக்கிறதுக்கா?” என்று கூடையை இறக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். மாற்றத்துக்குப் பிந்திய இரண்டு மாதங்களில் மாலை நிறுவை கண்கூடாகக் கூடியது.

கையொப்பமும் வங்கிக் கணக்கும்

2021 தொடக்கத்தில் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அதற்குள் ஆறு வீடுகளில் கொழுந்துக் காசு கணவனின் கணக்குக்குப் போய், வீட்டுக்கு வராமலே செலவழிந்த முறைப்பாடு என்னிடம் வந்திருந்தது. அவற்றில் இரண்டு வீடுகளில் பெண்கள் துண்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். துண்டு காடாவதைப் பார்த்த வெளிக்கள உத்தியோகத்தர் “சோம்பேறிக் குடும்பம்” என்று பதிந்து, அவர்களைத் திட்டத்திலிருந்து நீக்கப் பரிந்துரைத்தார். காரணம் தெரியாமல் எழுதப்படும் இத்தகைய ஒரு வரி ஒரு வீட்டை எவ்வளவு கீழே தள்ளிவிடும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

பறிப்பவரும் துணைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும், பணம் பறிப்பவரின் கணக்குக்கே போக வேண்டும் என்று முன்மொழிந்தேன். குடும்பத் தகராறில் கம்பனி தலையிடக் கூடாது என்று தலைமை அலுவலகம் முதலில் மறுத்தது. நாட்சம்பளம் வேலை செய்தவருக்கே கொடுக்கப்படுகிறது, கொழுந்துக் காசுக்கு மட்டும் ஏன் வேறு விதி என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பின்னர் ஒப்புதல் கிடைத்தது. நகரத்து வங்கிக்குப் போனால் அரை நாள் பேர் போய்விடும் என்பதால், வங்கி உத்தியோகத்தர் ஒருவரைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கு வரவழைத்து இரண்டு நாட்களில் கணக்குகளைத் திறந்தோம். சில வீடுகளில் இதனால் சண்டை வந்தது; ஒரு கணவர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார். அந்தக் குடும்பம் திட்டத்திலிருந்து விலகியது. அந்தப் பெண்ணுக்கு வேறு ஏற்பாடு எதையும் என்னால் செய்ய முடியவில்லை.

பசளைத் தடையின் ஆண்டு

2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியபோது பசளையின் விலை பன்மடங்காகியிருந்தது. கொழுந்து சுருங்கி, இலை மஞ்சள் படிந்தது. பசளைக் கடன் கழிக்கப்பட்ட பின் சில குடும்பங்களுக்கு அக்டோபர் மாதப் பற்றுச்சீட்டில் கழித்தல் குறியுடன் தொகை வந்தது. ஒரு மாதம் முழுக்கப் பறித்துக் கம்பனிக்கே கடன்பட்டிருப்பதாகச் சொல்லும் சீட்டு அது.

கடன் கழிவை ஆறு மாதம் நிறுத்தி வைக்கக் கம்பனி முடிவெடுத்தது. மாடு வளர்த்த வீடுகளின் துண்டுகள் ஓரளவு பச்சையாகவே இருந்ததைக் கவனித்து, சாணமும் கவ்வாத்தில் வெட்டிய கிளைகளும் சேர்த்துக் கூட்டெரு போடும் வேலையை ஒன்பது வீடுகளில் தொடங்கினோம். இரசாயனப் பசளைக்கு அது ஈடாகவில்லை; ஆயினும் அந்தத் துண்டுகளுக்குப் பின்னர் குறைந்த பசளையே தேவைப்பட்டது, மழையில் மண் கழுவிப்போவதும் குறைந்தது. நட்டத்தைத் தாங்குவதற்காகத் தொடங்கியது நிலத்துக்கும் நல்லதாக முடிந்தது.

லொறி வந்த இரவுகள்

2022 இல் ரூபாய் வீழ்ந்தது. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டியது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு கிலோ கொழுந்துக்கு இன்னும் 62 ரூபாய்தான் இருந்தது. அதே காலத்தில், வெளித் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து வாங்கும் லொறி ஒன்று பிரதான பாதையில் நின்று 180 ரூபாய் கொடுத்தது.

ஜூன் மாதத்தில் இரவில் கொழுந்துச் சாக்குகளுடன் போன இரண்டு குடும்பங்கள் காவலாளியிடம் பிடிபட்டன. அவற்றில் ஒன்று, முன்பு தொங்கு தராசு கொண்டுவந்த பெண்ணின் குடும்பம். களவு என்று பொலிஸில் முறைப்பாடு செய்யவும் துண்டுகளைப் பறிமுதல் செய்யவும் முகாமைத்துவம் ஆயத்தமானது. ஒப்பந்தத்தின் எழுத்துப்படி அவர்கள் செய்தது தவறுதான். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். மறுக்கவில்லை. “ரேடியோவுல தேயிலை வெல ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க மிஸ். எங்க கொழுந்துக்கு மட்டும் அது தெரியாதா?” என்றார்.

நிலையான விலை குடும்பங்களை விலைச் சரிவிலிருந்து காப்பாற்றும் என்று 2019 இல் நாங்கள் விளக்கியிருந்தோம். அதை உண்மையாகவே நம்பினோம். ஆனால் விலை ஏறும்போது கிடைக்கும் முழுப் பயனையும் கம்பனியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதுவே என்பதைப் பத்திரம் எழுதிய நானும் யோசிக்கவில்லை. வருமானப் பகிர்வு என்று பெயர் வைத்திருந்தோம்; அந்தப் பத்திரத்தில் பகிர்வு என்று எதுவும் இருக்கவில்லை.

முறைப்பாடு செய்யப்படவில்லை. லொறியைப் பொலிஸால் தடுத்தால் அது அடுத்த சந்தியில் நிற்கும் என்று துரையே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அந்தக் கடிதம் இல்லாமல் திட்டம் அந்த மாதத்தோடு முடிந்திருக்கும். ஆகஸ்டில் விலை முறை மாற்றப்பட்டது. சிறு தோட்டச் சொந்தக்காரர்களுக்கு விற்பனை விலையில் 68 வீதம் சேர வேண்டும் என்பது அரசின் சூத்திரம். இங்கே நிலமும் பசளையும் கம்பனியுடையவை என்பதால், பல சுற்றுப் பேச்சுக்குப் பின் 55 வீதம் என்று முடிவானது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4.6 கிலோ கொழுந்து வேண்டும். ஆகவே ஏலத்தில் 1,200 ரூபாய் போனால் கொழுந்துக்கு 143 ரூபாய் அளவில் வரும். விலை விழுந்தாலும் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போகாது என்ற வரியையும் சேர்த்தோம். மாத ஏலச் சராசரி மடுவத்தின் பலகையில் தண்ணீர்க் கழிவுக்குப் பக்கத்தில் எழுதப்படுகிறது. லொறி அதன் பின்பும் சில மாதங்கள் வந்து, பிறகு வராமல் போனது.

சேமலாப நிதி

2023 இல் வேலையை விட்டு நின்ற ஒரு பெண், தன் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பார்த்து என்னிடம் வந்தார். 2020 முதல் மாதாந்தத் தொகை ஏறக்குறைய பாதியாகியிருந்தது. நாட்சம்பளத்துக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் கட்ட, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம் சேரும்; கொழுந்துக் காசுக்கு இவை எதுவும் இல்லை. கையில் வந்த பணம் கூடியது உண்மை, முதுமைக்கான பணம் குறைந்ததும் உண்மை. தொழிற்சங்கத் தலைவர் முதல் நாளே கேட்ட கேள்வி இதுதான். நான் அவர் வீட்டுக்குப் போய், அன்று அவரைத் தவறாக எடைபோட்டதைச் சொன்னேன். அவர் தேநீர் கொடுத்துவிட்டு, இப்போதாவது எழுத்தில் வாங்குங்கள் என்றார். அதன் பின் சங்கமும் நானும் சேர்ந்து கேட்டதில், பேருக்கு வேலை மூன்றிலிருந்து நான்கு நாளாக உத்தரவாதம் செய்யப்பட்டது. கொழுந்து வருமானத்துக்கும் பங்களிப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2024 இறுதியில்

34 குடும்பங்களில் 28 தொடர்கின்றன. மூன்று கீழ்மலைகளில் எதுவும் காடாகவில்லை. கம்பனியின் தொழிற்சாலைக்குக் கூடுதல் கொழுந்து வருகிறது. 28 இல் 19 வீடுகள் வாரக்கடனை முழுதாகத் தீர்த்திருக்கின்றன. எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்: உழைக்கும் ஆள் ஒருவர் மட்டுமே உள்ள வீடுகள், குறிப்பாக நோயாளியைப் பராமரிக்கும் பெண்களின் வீடுகள், இந்த முறையில் பின்தங்கிவிட்டன. விலகிய ஆறில் நான்கு அத்தகையவை.

ஒப்பந்தக் காலம் 2023 இல் ஐந்தாண்டாக நீட்டப்பட்ட பின்னர்தான் வெற்றிடங்களில் புதுக் கன்று நடுவதற்குக் குடும்பங்கள் முன்வந்தன. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் கன்று வளர்க்கும் தவறணையிலிருந்து இலவசமாகக் கன்று கொடுத்தும் யாரும் வாங்கவில்லை. நட்ட கன்று கொழுந்து தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஓராண்டுப் பத்திரம் உள்ளவர் யாருக்காக நடுவார்?

இப்போது தொடங்கினால்

விலைச் சூத்திரத்தையும் இரட்டைக் கையொப்பத்தையும் முதல் பத்திரத்திலேயே எழுதுவேன். தராசை முதல் நாளே மாற்றுவேன். சங்கத்தின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுக்காமல் ஒரு துண்டும் பிரிக்க விடமாட்டேன். ஆள்பலம் குறைந்த வீடுகளுக்கு 2,000 செடிகளுக்குப் பதிலாக 800 அல்லது 1,000 செடிகளைக் கொடுத்து, கவ்வாத்தையும் முள்ளுக்குத்தி மண் கிளறுவதையும் கம்பனியின் ஆட்களே செய்யும் ஏற்பாட்டைக் கேட்பேன். இவற்றில் கடைசியானதைக் கம்பனியிடம் முன்மொழிந்திருக்கிறேன்.

நிலம் பற்றிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. தொங்கு தராசு கொண்டுவந்த பெண் 2024 ஆம் ஆண்டுடன் பேர் வேலையிலிருந்து நிற்கிறார். அவருடைய துண்டின் வெற்றிடங்களில் அவரே நட்ட 310 கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்துள்ளன. துண்டைத் தன் மகளின் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். தோட்டப் பதிவில் உள்ள தொழிலாளிக்கு மட்டுமே துண்டு என்கிறது ஒப்பந்தம். மகள் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். விண்ணப்பத்தை நவம்பரில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.